ஒரு சிட்டிகைத் தவிடு

தவிட்டு மூட்டையைப் பிரித்தால் விற்கிறவன் முதலில் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் வாங்குகிறவன் மூட்டையில் கை வைப்பான். அந்த அரிசி மில்லில் அப்படித்தான் பழக்கம். நல்ல தவிடு நாக்கில் பட்டதும் லேசாக இனிக்கும், கரையும். உமியை அரைத்துக் கலந்திருந்தால் நறநறவென்று குத்தும், தொண்டையில் இறங்காது. எப்பேர்ப்பட்ட எத்தனாக இருந்தாலும் உமித்தூளை வாயில் வைத்துக்கொண்டு முகம் கோணாமல் நிற்க முடியாது. அதைப் பார்த்துத்தான் வியாபாரம் நடக்கும்.

ஆனால் சொந்தபந்தத்துக்குள் இதைக் கேட்பதில்லை. கேட்டால் முகத்தில் துப்பிய மாதிரி. பால்காரியும் தன் கூடப்பிறந்த தம்பியிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. மில் அவனுடையது. "என் தம்பி மில்லுத் தவிட்டை நான் நக்கிப் பாக்கணுமா?" என்று அலட்டிக்கொள்வாள். அதோடு நிற்காமல் மாடு வைத்திருக்கிற எல்லோரையும் அந்த மில்லுக்கே அனுப்பினாள். அவள் வீட்டுப் பசு கறக்கிற பாலைப் பார்த்து அவர்களும் போனார்கள்.

அந்தப் பசுவுக்குக் கொம்பே முளைக்கவில்லை. அதனால் மொட்டை என்று கூப்பிட்டார்கள். மொட்டையின் மடியை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. பால்காரியின் புருஷன் ஒரு காலத்தில் அதே மில்லில் மூட்டை தூக்கியவர். முதுகு போன பிறகு வீட்டோடு தங்கிவிட்டார். தொழுவத்தைக் கூட்டுவது, பால் வாளி கழுவுவது, பொண்டாட்டியிடம் திட்டு வாங்குவது என்று அவருக்கு மூன்று வேலை. மூன்றையும் குறை வைக்காமல் செய்தார்.

மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் மொட்டையின் பால் இறங்க ஆரம்பித்தது. சினையாக இருந்தது, அதனால்தான் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு தீவனத் தொட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பத் தொடங்கியது. பால்காரி தம்பியிடம் போய்க் கேட்டாள்.

"ஏண்டா, மொட்டை தவிட்டை மோந்து பாத்துட்டு நகந்துடுதே, என்னவா இருக்கும்?"

"சினை மாடுக்கா. வாய் கசக்கும். கொஞ்சம் வெல்லத்தைக் கரைச்சு ஊத்திப் பாரு, லபக்லபக்குன்னு தின்னும்."

வெல்லம் கரைத்து ஊற்றினாள். மொட்டை தின்றது. பால் இன்னும் இறங்கியது. தீனி போதவில்லையோ என்று இன்னும் ஒரு முறம் கூட்டிப் போட்டாள், வெல்லத்தையும் கூட்டினாள். மாட்டுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம் என்ற திருப்தி வேறு.

கடைசியில் சாணம் நின்றது. அசைபோடுவது நின்றது. இடது பக்க வயிற்றில் கை வைத்தால் சுவரில் வைத்த மாதிரி இருந்தது. மாட்டு டாக்டர் மழையில் நனைந்துகொண்டு வந்து எண்ணெய் ஊற்றினார், ஊசி போட்டார், அவரும் புருஷனும் சேர்ந்து வயிற்றைப் பிசைந்து பார்த்தார்கள். மறுநாள் மத்தியானம் மொட்டை கழுத்தை நீட்டிவிட்டது. மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தபோதும் அசையவில்லை.

"புதைக்கிறதுக்கு முன்னாடி திறந்து பாத்துடலாம்மா" என்றார் டாக்டர். "கிடாரி ஒண்ணு இருக்குல்ல, அதுக்கும் ஏதாவது தொத்திக்கிட்டா வம்பு."

கிடாரி மொட்டையின் மகள். இன்னும் பருவத்துக்கு வராதது. தொழுவத்தின் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

தொழுவத்துக்குப் பின்னால் வைத்துத் திறந்தார்கள். டாக்டர் கையை உள்ளே விட்டு ஒரு கட்டியை உடைத்து எடுத்தார். வாளித் தண்ணீரில் அதைக் கரைத்து, மிதந்ததை உள்ளங்கையில் வழித்துப் பார்த்தார்.

"என்னம்மா போட்டீங்க?"

"தவிடுதான் சார். வேற என்ன போடுவேன்?"

"இதுல தவிடு ஊறுகாய்க்குக்கூட இல்ல. அரைச்ச உமி. நாம மரத்தூளைத் தின்ன மாதிரிதான் இது. செரிக்காது, வெளியேயும் போகாது. உள்ளயே இறுகிப் போயிருக்கு பாருங்க."

கன்றையும் எடுத்து வெளியே வைத்தார். பொட்டைக் கன்று. மயிர் முளைத்திருந்தது. பால்காரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போனாள். மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள். முதல்முறையாக மென்றாள். புருஷன் பின்னாலேயே ஓடிவந்து முதுகைத் தட்டினார். அவள் இருமி இருமிக் கண்ணில் நீர் முட்ட நின்றாளே தவிர, துப்பவில்லை.

"வெல்லம் கரைச்சு ஊத்துனேங்க" என்றாள். "வேணாம் வேணாம்னு சொன்னதை வெல்லம் போட்டு நான்தாங்க ஊட்டுனேன்."

கை கழுவாமல் நேராக மில்லுக்குப் போனாள்.

மில்லுக்குள் நாலடி தள்ளி நிற்பவனிடமும் கத்தித்தான் பேச வேண்டும். மேலே பெல்ட் அடித்துக்கொண்டு ஓடும். நெல் ஒரு பக்கம் ஏறும், அரிசி ஒரு பக்கம் இறங்கும். தவிடு குழாய் வழியாக வந்து சாக்கில் விழும், உமி பின்பக்கம் பறந்துபோய் மலையாகக் குவியும். கூரை, சுவர், பல்பு, மில்காரனின் புருவம் எல்லாவற்றிலும் தவிட்டுத் தூசிதான். அவள் முன்பக்கம் நிற்கவில்லை. பின்கட்டுக்குப் போனாள். உமிக் குவியலை ஒட்டிச் சாக்குப் போட்டு மூடிய சின்ன அரவை மிஷின் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் மூடி போட்ட நீல டிரம். மூடியைத் திறந்தாள். அப்போதுதான் அரைத்த தவிடு, இன்னும் சூடு ஆறவில்லை. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். கரைந்தது.

மில்காரன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தான்.

"என்னக்கா, இந்தப் பக்கம் வந்துட்ட? மாடு எந்திரிச்சுதா?"

"செத்துடுச்சு. இந்த டிரம்மு யாருக்குடா?"

"அய்யய்யோ. எப்பக்கா?"

"டிரம்மு யாருக்குன்னு கேட்டேன்."

"நம்ம வீட்டு மாட்டுக்கு."

"நம்ம வீடுன்னா யாரு வீடு?"

அவன் டிரம்மை மூடினான். பிறகு இல்லாத அவசரத்தோடு பேசினான். "தவிட்டு எண்ணெய் ஃபேக்டரிக்காரன் சுத்தத் தவிடா வந்து அள்ளிட்டுப் போயிடறான்க்கா. மீதியில கொஞ்சம் உமியைச் சேத்தாத்தான் எல்லாருக்கும் காணும். எந்த மில்லுல நடக்கல சொல்லு? இங்க இத்தனை மாடு தின்னுது, எதாவது செத்துச்சா?"

"பின்ன என் மாடு மட்டும் ஏண்டா செத்துச்சு?"

"மத்தவங்க என்னை வாயில போடச் சொல்லிப் பாப்பாங்க. அதனால மூட்டையில மேலாப்புல நல்லதைப் போட்டு, கீழயும் அளவாத்தான் கலப்பேன். நீதான் கேக்கவே மாட்டியே..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். பால்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கூடப்பிறந்தவள் என்பதால் அவளுக்குத்தான் உமி கூடுதல். நம்புகிறவளை ஏமாற்ற மெனக்கெட வேண்டியதில்லை அல்லவா?

"அக்கா, தப்புதான். கன்னும் மாடுமா ஒண்ணு ஓட்டிட்டு வந்து உன் தொழுவத்துல கட்டறேன். மொட்டையை விட ஒசத்தியா."

"வேணாம்."

"வேற என்னதான் வேணும் சொல்லு."

"நீ நல்லா இருக்கக் கூடாதுடா" என்றாள் பால்காரி. சத்தம் போடாமல்தான் சொன்னாள். பெல்ட் சத்தத்தையும் மீறி அவனுக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் மில் வாசலில் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு சொம்பில் தண்ணீர். முதலில் வந்தவர் எருமைக்காரர். வீட்டில் ஏழெட்டு எருமை நிற்கிறது, அவற்றின் நிதானம் அவருக்கும் வந்துவிட்டிருந்தது. மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அதைப் பிரிங்க."

"பாத்துட்டேம்மா. உன் தம்பியும் வாயில போட்டுக் காட்டுனான்."

"மேலாப்புல பாத்திருப்பீங்க. முழங்கை முங்கற அளவுக்குக் கைய விடுங்க. அடியிலேர்ந்து எடுத்து வாயில போடுங்க."

"என்னம்மா இது, உன் தம்பி மில்லுன்னு நீதானே அனுப்புன?"

"நான்தான் அனுப்புனேன். அதனாலதான் நானே சொல்றேன். போடுங்க."

போட்டார். மென்றார். அவர் முகம் கோணுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வாசலிலேயே துப்பினார், சொம்பை வாங்கிக் கொப்பளித்தார், இன்னொரு தரம் துப்பினார். மூட்டையை இறக்கிக் கவிழ்த்துவிட்டுக் காலிச் சாக்கை மட்டும் மடித்துக் கேரியரில் வைத்தார். அடுத்து வந்தவரும் கை விட்டார். மத்தியானத்துக்குள் வாசலெல்லாம் எச்சிலும் தவிடுமாக ஆனது. மில்காரன் வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றான். "அக்கா, வீட்டு விஷயத்தை வீட்டுல பேசலாம்" என்றான். "மூட்டை விஷயத்தை மூட்டை கிட்டதாண்டா பேசணும்" என்றாள்.

மாடு வைத்திருக்கிறவர்கள்தான் அந்த மில்லுக்கு நெல்லும் கொண்டுவருகிறவர்கள். தவிடு வாங்குவதை நிறுத்தியவர்கள் நெல்லையும் நிறுத்தினார்கள். அவரவர் பாலம் தாண்டி இருந்த வேறொரு மில்லுக்கு வண்டியைத் திருப்பினார்கள். பெல்ட் நின்றது. கலந்து வைத்த தவிடு மழை ஈரத்தில் சூடேறிச் சிக்குவாடை அடித்தது. எண்ணெய் ஃபேக்டரி லாரி வந்து பார்த்துவிட்டு, ஆள் இறங்காமலே திரும்பிப் போனது. பால்காரி மட்டும் தினமும் வந்தாள். வேறு யாரும் வராத வாசலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மூக்கை மூடாமல் அந்த வாடையை இழுத்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கு அது நன்றாக இருந்தது.

வீட்டில் புருஷன் மெதுவாக ஆரம்பித்தார். "இந்தா பாரு, கோவப்படாத. கிடாரிக்குத் தவிடு போட்டு எத்தனை நாளாச்சு? வெறும் வைக்கோலை மென்னுக்கிட்டு நிக்குது."

"பாலம் தாண்டிப் போய் வாங்கிட்டு வாங்க."

"என் முதுகு பாலம் வரைக்கும் போகும். திரும்பி வராது."

"பின்ன பேசாம இருங்க."

"அவன் உன் தம்பிடி. நீ இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச பய."

"அதை நெனச்சாத்தாங்க எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது."

அடுத்து மில்காரனின் பெண்டாட்டி வந்தாள். தொழுவத்து வாசலில் நின்று கண்ணைத் துடைத்தாள். கிடாரிக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த பால்காரி நிமிரவில்லை.

"அண்ணி, கொஞ்சம் மனசு வைங்க. மிஷின் ஓடலேன்னா அவருக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கு. சோத்துல கை வைக்கிறதே இல்ல."

"தவிட்டைக் கரைச்சுக் குடு. கொஞ்சம் வெல்லம் போட்டா லபக்லபக்குன்னு தின்பான்."

"இப்படிப் பேசலாமா அண்ணி? நாங்க என்ன, வேணும்னா செஞ்சோம்?"

"டிரம்முல இருந்து உங்க மாட்டுக்கு அள்ளிப் போட்டது நீதானே? ஒரு நாளாவது, அண்ணி இதுலேர்ந்து ஒரு முறம் எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னியா?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். வந்த வழியே போனாள்.

முடிவில் புருஷன்தான் மில்காரனைக் கூட்டிவந்தார். கிடாரியின் விலா எலும்பைப் பார்த்துப் பார்த்துப் பால்காரியும் இறங்கித்தான் இருந்தாள். அது மட்டும் காரணம் இல்லை. மூடிக் கிடக்கும் மில்லைப் பார்ப்பதில் அவளுக்கு முன்பிருந்த சுகம் குறைந்துவிட்டது. கதவு அவமானப்படாது. தம்பியின் முகம் வேண்டும்.

"என்ன சொன்னாலும் செய்றேன்க்கா" என்றான்.

"அரவை மிஷினைக் கழட்டி எடைக்குப் போடு. மில்லைத் திற. ஒவ்வொரு மூட்டைக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் முன்னாடி, அடியிலேர்ந்து ஒரு சிட்டிகை எடுத்து நீ வாயில போடணும். துப்பக் கூடாது. முழுங்கிட்டு நாக்கை நீட்டிக் காட்டணும். நான் வாசல்ல உக்காந்து பாப்பேன்."

"நாக்கை நீட்டறதாக்கா? மில் ஓனர்க்கா நான். ஆளுங்க சிரிப்பாங்க."

"அதுக்குத்தாண்டா."

மில் திறந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்துவிட்டாள் என்றால் தவிடு சுத்தம் என்று ஜனங்கள் திரும்பினார்கள். முதல் நாள் மில்காரன் மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டுச் சிட்டிகை எடுத்து வாயில் போட்டபோது அவன் காது மடல் சிவந்தது. விழுங்கினான். கூலிக்காரர்கள், வண்டிக்காரர்கள், எருமைக்காரர் எல்லோரும் பார்க்க, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையனைப் போல நாக்கை நீட்டினான். யாரோ கொல்லென்று சிரித்தார்கள். பால்காரி சிரிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நெடுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

இது இப்படியே நடந்திருந்தால் அவளுக்குக் குறை இல்லை. ஆனால் மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான், அதிலும் வியாபாரி சீக்கிரம் பழகிவிடுகிறான். கோடை வருவதற்குள் மில்காரன் கேட்காமலே நாக்கை நீட்ட ஆரம்பித்தான். நீட்டிவிட்டு, "பாத்துக்குங்க, பல்லு எத்தனைன்னு வேணும்னாலும் எண்ணிக்குங்க" என்று தமாஷ் பண்ணினான். ஜனங்களும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ஓனரே தின்று காட்டுகிற தவிடு என்று பேச்சுப் பரவியது. பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்தன. நாக்கு மில் என்று பெயரே வந்துவிட்டது. அவன் இரண்டாவது மிஷினுக்குச் சொல்லிவைத்தான்.

"அக்காவும் தம்பியுமா சேந்து என்னமா நடத்தறீங்க!" என்றார் எருமைக்காரர். "நீ இங்க உக்காந்திருக்கறதே போதும்மா. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

பால்காரி வாளியின்மேல் உட்கார்ந்து அதைக் கேட்டாள். அவள் பழி வாங்கப் போய் அவனுக்குப் பிழைப்பைச் செழிக்க வைத்திருக்கிறாள். அவள் வந்து உட்கார உட்கார அவன் பெட்டி நிறைகிறது. அதை நினைத்தபோது மொட்டை செத்த அன்றைக்கு எரிந்ததைவிட வயிறு அதிகமாக எரிந்தது.

ஒரு சாயங்காலம் மில்காரன் கன்றும் மாடுமாக ஓட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். நல்ல மாடு. மடி தரையைத் தொட்டது. புருஷன் மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எல்லாம் உன்னாலதான்க்கா" என்றான் தம்பி. பொய்யில்லை, நிஜமாகவே சொன்னான். "நீ அன்னைக்கு வாசல்ல வந்து உக்காரலேன்னா நான் உருப்பட்டிருக்கவே மாட்டேன். நீ என்னைத் திருத்திட்ட."

"உன்னைத் திருத்தவாடா நான் வந்து உக்காந்தேன்?"

"எதுக்கோ வந்த. நல்லதா முடிஞ்சுதுல்ல. மொட்டையை மறந்துடுக்கா."

பால்காரி அந்த மாட்டின் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். அதன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

"ஓட்டிக்கிட்டுப் போடா" என்றாள். "ரெண்டையும் ஓட்டிக்கிட்டுப் போ."

மறுநாள் காலையில் மில் வாசலில் வாளி இல்லை. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலுக்கு முடியவில்லையோ என்னவோ என்றார்கள். மில்காரன் வழக்கம்போல் கையை விட்டான், தின்றான், நாக்கை நீட்டினான். ஜனங்கள் ஒரு கண்ணால் நாக்கையும் ஒரு கண்ணால் வாசலையும் பார்த்தார்கள். அடுத்த நாளும் வாளி இல்லை. "அக்கா எங்கப்பா?" என்று கேட்டார்கள். "வருவாங்க" என்றான்.

வந்தாள். வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற நேரம் பார்த்து, தெருவின் அந்தக் கோடியிலிருந்து புருஷனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கேரியரில் ஒரு தவிட்டு மூட்டை. பாலம் தாண்டி இருக்கிற மில்லின் மூட்டை என்று சாக்கில் போட்டிருந்த பச்சை முத்திரையைப் பார்த்தாலே தெரியும். வெயிலில் அவ்வளவு தூரம் தள்ளி வந்ததில் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. வேறு வழியாகவும் போயிருக்கலாம். மில் வாசல் வழியாகத்தான் வந்தாள்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்த எருமைக்காரர் அப்படியே நின்றார். "என்னம்மா, தம்பி மில்லை வாசல்ல வச்சுக்கிட்டு அங்கேருந்து வாங்கிட்டு வர்ற?"

பால்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணுமில்லண்ணே. ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள்.

அவ்வளவுதான். எருமைக்காரர் மூட்டையைக் கீழே வைத்தார். சாக்கை மட்டும் உருவி மடிக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் நின்ற வண்டிக்காரர் மாட்டைத் திருப்பினார். யாரும் சத்தம் போடவில்லை, கை விட்டும் பார்க்கவில்லை. முன்பு ஒரு தரம் வாயில் குத்துப்பட்டவர்களுக்கு இன்னொரு தரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மில்காரன் உள்ளேயிருந்து ஓடிவந்தான். ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பிடி பிடியாக அள்ளி வாயில் திணித்துக்கொண்டான். "சுத்தம்! சத்தியமா சுத்தம்! வந்து பாருங்கய்யா!" என்று கத்தியதில் தவிடு புரையேறித் தாடையெல்லாம் வழிந்தது. நடுத்தெருவுக்கு வந்து சைக்கிளின் முன்னால் நின்று அக்காவிடம் நாக்கை நீட்டினான். "பாருக்கா. நீயே சொல்லுக்கா அவங்க கிட்ட!"

பால்காரி சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள். தப்புச் செய்த தம்பிக்கு அக்கா ஆறுதல் சொல்கிறாள் என்றுதான் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. அவன் காதருகே குனிந்தாள்.

"சுத்தம்னு எனக்குத் தெரியும்டா" என்றாள்.

பிறகு மூட்டை சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கிடாரிக்கு நேரமாகிவிட்டதென்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.